வக்கீல் காரின் கைகாட்டி ஸ்விட்ச்

சென்ற மாதம் தியாகராய நகரிலிருந்து ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாராம். இன்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, கைகாட்டி மட்டும் எழும்பவில்லை. அதன் ஸ்விட்சை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல், பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்திருக்கிறார்.

"எல்லாரும் காசிம் பாய் பேரைத்தான் சார் சொன்னாங்க. அவர் தவறிட்டாராம். அவரோட ஒருத்தர் வேலை பார்த்தார், பேர் ஞாபகம் இல்ல, ஈக்காட்டுத்தாங்கல்ல மகனோட லேத் பட்டறைக்குப் பின்னாடி இருக்கார்னு ஒரு கடைக்காரர் சொன்னார்."

அந்தப் பேர் ஞாபகம் இல்லாத ஒருத்தர் நான்தான். கோதண்டம். காசிம் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், என் வீட்டு வாசலுக்கு வருகிறவன் அவன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். காரை மறுநாள் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்குப் பழைய நினைப்புதான்.

கைகாட்டி என்றால் இந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியாது. இப்போது கார் திரும்பும்போது மினுக் மினுக்கென்று விளக்கு எரிகிறது அல்லவா, அப்போது அது கிடையாது. இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிப் படுத்திருக்கும். டிரைவர் ஸ்விட்சைத் தள்ளினால் 'டக்'கென்று வெளியே நீண்டு, உள்ளே மஞ்சளாக விளக்கு எரியும். திரும்பி முடித்ததும் மடங்கிக்கொள்ளும். டிராஃபிகேட்டர் என்பது அதன் முழுப்பேர். பட்டறையில் எங்களுக்குக் கைகாட்டிதான். அதன் ஸ்விட்ச் ஸ்டியரிங் சக்கரத்தின் நட்ட நடுவில், ஹார்ன் பட்டனைச் சுற்றி இருக்கும். நெற்றியில் பொட்டு வைத்தாற்போல.

நான் பிறந்தது மயிலாப்பூரில் ஒரு சந்து. பதினாறு வயதில் தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோடை ஒட்டிய ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் வண்டி கழுவினேன், பிறகு பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், பிறகு ஒயர் சுருட்டினேன். யுத்தம் வந்தது. குண்டு விழும் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். பெட்ரோல் ரேஷன் ஆனது. கார்கள் கரிப்புகையில் ஓட அவற்றுக்கு அடுப்பு கட்டினோம், முகப்பு விளக்குகளுக்குக் கறுப்புப் பூசினோம். அப்படியே எலக்ட்ரிக் வேலை கைக்கு வந்துவிட்டது. காசிமும் ஏறக்குறைய என்னோடு சேர்ந்தவன்தான். தேனாம்பேட்டையிலேயே வீடு. அவன் அப்பா கார்களுக்கு ஹுட் என்கிற துணிக்கூரை தைப்பவர், சீட்டு தைப்பவர். அதனால் காசிம் ஊசியும் மெழுகு நூலும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான்.

எங்கள் ஃபோர்மேன் ஒரு நாயுடு. அவரைப் போல ஒரு மனிதரை நான் பிறகு பார்க்கவில்லை. சத்தம் போட மாட்டார். ஸ்பானரைத் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். வேலை முடிந்தது என்று சொன்னால், செருப்பைக் காருக்கு வெளியே கழற்றி விட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். ஸ்விட்சை இடது பக்கம் தள்ளுவார். தூணுக்குள்ளிருந்து கை எழும்பும் சத்தத்தைக் கேட்பார். வலது பக்கம் தள்ளுவார், கேட்பார். திருப்தி என்றால் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான். திருப்தி இல்லையென்றால் இறங்க மாட்டார். கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். நாம் வெளியே நின்று வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தச் செருப்பு ஜோடியைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தைச் சேர்த்தால் ஒரு உத்தியோகமே பார்த்திருக்கலாம்.

அந்த நாயுடு காசிமைத் தெலுங்கு வழக்கில் செல்லமாக 'நைனா' என்று கூப்பிடுவார். "நைனா, இங்க வா. நைனா, இதைக் கொஞ்சம் பாரு." என்னை 'மிஸ்டர் கோதண்டம்' என்பார். "மிஸ்டர் கோதண்டம், அந்த ஒயரை எடுங்க." பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அவனை, கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுவதுபோல என்னை! எனக்கு அது முள்ளாகக் குத்தும். வேலையில் நான் எதில் குறைச்சல்? அவன் நாலு ஸ்க்ரூ கழற்றும் நேரத்தில் நான் எட்டு கழற்றுவேன். ஆனாலும் அவன்தான் நைனா.

ஸ்விட்ச் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டியரிங் நடுக்குமிழைப் பிடித்திருக்கும் பொடி ஸ்க்ரூக்களைத் தளர்த்த வேண்டும். உடனே ஸ்விட்சை மேலே இழுத்துவிடக் கூடாது. அதிலிருந்து புறப்படும் ஒயர்கள் ஸ்டியரிங் தண்டுக்குள் இருக்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கி, இன்ஜினுக்குப் பக்கத்தில் வெளியே வரும். அங்கே குனிந்து அவற்றைப் பிரித்து, முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டுத்தான் மேலிருந்து இழுக்க வேண்டும். ஒயர் வெளியே வரும்போது நூல் குழாய்க்குள் தங்கிவிடும். புது ஸ்விட்சின் ஒயரை அந்த நூலில் கட்டிக் கீழிருந்து இழுத்தால் அது தன் வழியைப் பார்த்து இறங்கும். அந்தக் காலத்து ஒயர்கள் துணி சுற்றியவை. எண்ணெய் ஊறி எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். எது இடது, எது வலது, எது ஹார்ன் என்று தெரிய நான் முடிச்சுப் போட்டு வைப்பேன். அந்த முடிச்சு என் யோசனை, காசிமுடையது அல்ல. இதை இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது புதுப்பேட்டையில் போய்ச் சொல்லட்டும்.

ஆனால் நான் கட்டியது சணல். ஒருமுறை குழாய்க்குள்ளேயே அறுந்துவிட்டது. ஸ்டியரிங் பெட்டியையே இறக்க வேண்டி வந்தது. காசிமின் மெழுகு நூல் ஒருநாளும் அறுந்ததில்லை. அன்று நாயுடு எல்லோர் முன்னாலும், "நைனாகிட்ட நூல் கேட்டு வாங்கியிருக்கலாமே, மிஸ்டர் கோதண்டம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

யுத்தம் முடிந்து, பெட்ரோல் இல்லாமல் கல் மேல் ஏற்றி வைத்திருந்த கார்கள் எல்லாம் மறுபடி தெருவுக்கு இறங்கிய சமயம். எங்கள் எலக்ட்ரிக் மேஸ்திரி கண் பார்வை மங்கி வேலையை விட்டு நின்றார். அந்த இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவர். நாயுடு, தசரா கழியட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மேஸ்திரிக்கென்று ஒரு தனி மேஜை, பூட்டு போட்ட டிராயர், கீழே வேலைக்கு ஆட்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் 'மாப்பிள்ளை மேஸ்திரி' என்று என் அம்மா வாய் தவறிச் சொல்லியும் வைத்துவிட்டாள். ஆகவே அந்த மேஜை எனக்கு வேண்டும். அதைவிட முக்கியமாக, காசிமுக்குப் போகக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் கார் வந்தது. பட்டாளத்துக்குப் போன டிரைவர் இன்னும் திரும்பாததால் வக்கீல் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரின் கைகாட்டி சில நாள் பாதி எழும்பி நிற்கும். சில நாள் எழும்பவே எழும்பாது. சில நாள் எழும்பியது மடங்காமல் நீட்டிக்கொண்டே போகும். அப்படி நீட்டியபடி போய் லஸ் முனையில் ஒரு ஜட்காக் குதிரையின் மூக்கில் இடிக்க, ஜட்காக்காரன் வக்கீலையே வாயடைக்க வைத்துவிட்டான்.

வேலை என்னிடம் வந்தது. ஸ்விட்சைக் கழற்றினேன். வழக்கம்போலப் பெட்ரோலில் போட்டுக் கழுவினேன். பெட்ரோல் சிவப்பாக மாறியது. "துரு பிடிச்சிருக்கு சார்" என்று நாயுடுவிடம் சொன்னேன். "துருவா?" என்றார். ஸ்டோரில் கடைசியாக இருந்த புது ஸ்விட்சை எடுத்து மாட்டினேன். நாயுடு செருப்பைக் கழற்றி ஏறினார், கண்ணை மூடினார், கேட்டார், இறங்கிப் போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சில வாரங்களில் அதே கார் அதே கோளாறுடன் திரும்பி வந்தது. புது ஸ்விட்ச்! நாயுடு என்னைப் பார்த்தார். "மிஸ்டர் கோதண்டம், நீங்க இருங்க. நைனா, நீ பாரு."

அந்த நிமிஷம் காசிமை ஸ்டியரிங் குழாய்க்குள் போட்டு இழுத்திருப்பேன். எங்கோ மோதி நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து அவன் ஸ்விட்சை எடுத்து, மெழுகு நூலைக் கட்டி, அழகாக இறக்கி மாட்டினான். நாயுடு ஏறினார், இறங்கினார். சில வாரம் கழித்து அந்தக் கார் மறுபடி வந்தது.

வாசலில் அந்த ரேடியேட்டரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? டீக்கடைக்கு ஓடிப்போய் மசால் வடை வாங்கித் தின்றேன். நைனாவும் தோற்றான்!

தின்றுவிட்டு வந்தால், காசிம் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் இடுக்கைத் தையல் ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பெட்ரோல் ரேஷன் அப்போதும் நீங்கவில்லை. அவன் சிக்கனக்காரன், சொட்டுப் பெட்ரோலைக்கூட வீணாக்க மாட்டான். காகிதத்தில் செக்கச்செவேலென்று கொஞ்சம் பொடி விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிக் கூப்பிட்டான்.

"கோதண்டம், இன்னா இது சொல்லு."

"துரு. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"இது பித்தளைபா. பித்தளைல ஏது துரு? மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். சந்தனம். மூக்கிலிருந்து மூளைக்குப் போக எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"குங்குமம்" என்றேன்.

"ஆங். சந்தனத்தைத் தடவி அதும் மேல குங்குமம். யாரோ ஸ்டியரிங் நடுவுல வெச்சிக்கினே கீறாங்க. அது காஞ்சி ஸ்விட்ச் உள்ள எறங்கி கல்லு மாதிரி பூட்சிகினு கீது."

நான் ஆஞ்சநேயருக்கு வடை மாலை சாத்துகிறவன். என் வீட்டு நிலைப்படியில் குங்குமம் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. அதைத் துரு என்று சொன்னவன் நான். கண்டுபிடித்தவன் காசிம். எனக்கு அழுகை வராத குறை.

"போய் நாயுடுகிட்ட சொல்லிக்க. மேஜை உனக்குத்தான்" என்றேன்.

அவன் காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தான். "நீ போய் அந்த வூட்ல சொல்லு. நான் போயி, அம்மா உங்க குங்குமத்தாலதான் கெட்டுப் பூட்சின்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீ சொன்னா ஏத்துக்குவாங்க. நாயுடுகிட்டயும் நீயே சொல்லிக்க."

மயிலாப்பூருக்கு நடந்தே போனேன். வக்கீல் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூணருகே வந்து நின்றார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அம்மா, கார் ஸ்டியரிங்கில் பூஜை ஏதாவது…" என்று இழுத்தேன்.

"ஆமா, வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம் குங்குமம் இட்டுண்டு வரேன். டிரைவர் போனதுலேர்ந்து இவர் தானே ஓட்டிண்டு போறார். ஆத்துக்குத் திரும்பி வர வரைக்கும் எனக்கு வயத்துல நெருப்பு. அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்லம்மா. நீங்க இடற எடத்துலதான் ஸ்விட்ச் இருக்கு."

"நடுவுலதானே நெத்தி? பொட்டை வேற எங்க இடறது? நான் இடறது சாயங்காலம் வந்து பார்த்தா இருக்கறதே இல்ல. அம்பாளே எடுத்துண்டுடறான்னு இருந்தேன்."

பேப்பர் கொஞ்சம் உயர்ந்து வக்கீலின் முகத்தை முழுக்க மறைத்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கோர்ட்டுக்குப் போகிற மனிதர், கையில் ஒட்டக் கூடாதென்று கார் தெருமுனை தாண்டியதும் கைக்குட்டையால் துடைத்திருக்கிறார். அப்படி அழுத்தித் துடைத்துத் துடைத்துத்தான் ஈரச் சந்தனம் இடுக்குக்குள் போயிருக்கிறது. பேப்பரின் ஓரத்திலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது.

நான் அதைச் சொல்லவில்லை. "வெயில்ல காஞ்சு உள்ள எறங்கிடுதும்மா. அதனால கை நீளமாட்டேங்குது. ஐயா திரும்பறது பின்னால வரவனுக்குத் தெரியாது, வந்து இடிச்சுடுவான்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நானேவா?" என்றார். பிறகு, "இனிமே எங்க இடணும், நீயே சொல்லு" என்றார். முன் கண்ணாடிக்குக் கீழே பலகையில் இடச் சொன்னேன். வக்கீல் பேப்பரைத் தாழ்த்தி, "இவனுக்குக் காபி கொண்டு வா" என்று உரக்கச் சொன்னார். அப்படி ஒரு காபியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

மறுநாள் பட்டறைக்கு டெலிபோன் வந்துவிட்டது. உங்கள் கோதண்டம் மகா கெட்டிக்காரன், நாசூக்கு தெரிந்தவன் என்று வக்கீல் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். நாயுடு என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் மேஜை டிராயரின் சாவி இருந்தது.

"மிஸ்டர் கோதண்டம், கோளாறை நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே?"

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காசிமே சொல்லிக்கச் சொன்னதுதானே? ஆனால் அந்தப் பக்கம் அவன் ஒரு டைனமோவைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்புதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவன் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? வாழ்நாள் முழுக்க அந்தச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் இவன் சிரிப்பு ஞாபகம் வரவா? என்னை நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பொறாமைதான் என் வாயைத் திறந்தது.

"இல்ல சார். கண்டுபிடிச்சது காசிம். நான் துருன்னு சொன்னவன்."

நாயுடு சாவியைக் கையில் ஒருமுறை புரட்டினார். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்து, "அப்படியா நைனா?" என்றார். சாவியைக் காசிமிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே நான் மறுபடி மிஸ்டர் கோதண்டம் ஆகிவிட்டேன். காசிம் கடைசிவரை மேஸ்திரி. நான் அவனுக்கு அடுத்தவன். பெண் வீட்டில் என் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்பது தனிக் கதை. கல்யாணம் நின்றுபோகவில்லை, ஆனால் என் மனைவி இன்றும் கோபம் வந்தால் என்னை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். நாயுடு இறந்து வெகுகாலத்துக்குப் பின், காசிம் ஓய்வு பெற்ற நாளன்று, மாலையும் கழுத்துமாக அவனை முனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"கோதண்டம், உம்மேல எனக்கு ஒரு எரிச்சல் எப்பவும் கீது, தெரியுமா?"

"எம்மேலயா? மேஜை உன்கிட்ட, சாவி உன்கிட்ட, நைனா நைனான்னு அவரு உருகினது உன்கிட்ட. எம்மேல இன்னாடா எரிச்சல்?"

"அதான்யா. நைனா வா, நைனா போ, நைனா இத்தத் தூக்கு. எங்கப்பன் வயசு ஆளு, சரின்னு கெடந்தேன். உன்ன மட்டும் மிஸ்டர்னுவாரு. நீங்கன்னுவாரு. மேஸ்திரி ஆனப்புறமாவது கூப்டுவாருன்னு காத்துக்கினே இருந்தேன். சாவுற வரிக்கும் ஒரே ஒரு தபா மிஸ்டர் காசிம்னு அந்த மனுசன் கூப்டலியே."

மாலையிலிருந்து ஒரு சாமந்தி அவன் டீயில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான். அன்று ராத்திரி, பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து தூங்காத தூக்கத்தை எல்லாம் சேர்த்துத் தூங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தியாகராய நகர்க்காரர் மறுநாள் காரோடு வந்தார். நான் குனிய முடியாததால் என் மகனைக் கீழே குனியச் சொன்னேன். முடிச்சுப் போட்டோம், நூல் கட்டினோம். மெழுகு நூல்தான். ஸ்விட்சுக்குள் தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை. மாட்டி முடித்ததும் நான் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது பக்கம் தள்ளினேன். டக். வலது பக்கம். டக்.

இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புதுப்பேட்டைல சொன்னது சரிதான் சார். காசிம் பாய் ஆளுங்கன்னா சும்மாவா!" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. காசிம் ஆளாம்! செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

"மிஸ்டர் காசிம்னு சொல்லுங்க" என்றேன்.